பத்து நாள் முந்தைய நிலைக்கு லேப்டாப்பைக் கொண்டுபோனால் எல்லாம் சரியாகிவிடுமா?

நீங்கள் கேட்டிருப்பது ஒரே கேள்வி மாதிரி தெரிகிறது, ஆனால் உள்ளே மூன்று இருக்கின்றன. விண்டோஸ் 11 லேப்டாப்; போன வாரம் புது பிரிண்டருக்கு டிரைவர் (சாதனத்தை விண்டோஸோடு பேச வைக்கிற மென்பொருள்) போட்டீர்கள், அன்றைக்கே ஒரு விண்டோஸ் அப்டேட்டும் இறங்கியது; மறுநாளிலிருந்து சத்தம் வரவில்லை, இரண்டு முறை திரையில் ஏதோ பிழை காட்டித் தானாக ரீஸ்டார்ட் ஆனது. இதற்கு நடுவில் டெஸ்க்டாப்பில் இருந்த ஒரு எக்செல் கோப்பைத் தவறுதலாக அழித்துவிட்டீர்கள். பத்து நாளைக்கு முன்னால் எல்லாம் ஒழுங்காக ஓடியதால் அந்த நிலைக்குத் திருப்பிவிட்டால் சத்தமும் வரும், கோப்பும் வரும் என்று ஒரு நம்பிக்கை. இந்தப் பத்து நாளில் ஏற்றி வைத்த பிறந்தநாள் படங்கள் போய்விடுமோ என்று ஒரு பயம். தெருமுனைக் கடைக்காரர் வேறு ‘ஃபார்மட் அடிச்சிடலாம்’ என்கிறார். சுருக்கமாகச் சொன்னால், சத்தம் வர நல்ல வாய்ப்பு உண்டு, படங்கள் போகாது, எக்செல் கோப்பு அந்த வழியில் வராது (வேறு வழி இருக்கிறது, ஆனால் அதை முதலில் செய்ய வேண்டும்), ஃபார்மட் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். காரணங்களைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் எதை முதலில் செய்கிறோம் என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

இருபது வருடத்துக்கு மேலாகக் கணினி பழுது பார்க்கிறேன். இதில் நான் பார்த்த குழப்பங்களில் பாதி அந்த ‘ரெஸ்டோர்’ என்ற சொல்லால் வந்தவை. கைப்பேசியில் பழகியவர்களுக்கு ரெஸ்டோர் என்றால் ஃபேக்டரி ரீசெட், அதாவது எல்லாம் துடைத்துவிடும் என்ற எண்ணம். இன்னொரு பக்கம், ரெஸ்டோர் என்றால் காலத்தையே பின்னுக்குத் திருப்புவது, அன்றைக்கு இருந்த ஒவ்வொரு கோப்பும் அப்படியே வந்துவிடும் என்று நினைப்பவர்கள். விண்டோஸில் இருக்கும் சிஸ்டம் ரெஸ்டோர் இரண்டுமே இல்லை. அது விண்டோஸின் சொந்த உறுப்புகளை மட்டும் பழைய நாளுக்குக் கொண்டுபோகிறது: சிஸ்டம் கோப்புகள், டிரைவர்கள், ரெஜிஸ்ட்ரி (விண்டோஸின் அமைப்புகள் பதிவாகிற ஏடு), நிறுவிய புரோகிராம்கள். உங்கள் வேலை, படம், கடிதம், கணக்கு இவற்றை வேண்டுமென்றே தொடாமல் விடுகிறது. வீட்டின் வயரிங்கைப் பழையபடி மாற்றுகிற எலக்ட்ரீஷியன் மாதிரி; பீரோவைத் திறந்து பார்க்க மாட்டார், பீரோவிலிருந்து காணாமல் போனதைத் தேடித் தரவும் மாட்டார்.

பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும், இது முதலில் வந்தது 2000இல், விண்டோஸ் மில்லேனியம் பதிப்பில். அந்தப் பதிப்பு படுத்திய பாட்டில் இப்படி ஒரு வசதி இருந்ததையே யாரும் கவனிக்கவில்லை. 2001இல் எக்ஸ்பி வந்த பிறகுதான் பரவலாகப் பயன்பட்டது. எக்ஸ்பி காலத்தில் அது குறிப்பிட்ட வகைக் கோப்புகளை மட்டும் கண்காணித்து, மாறும்போது ஒரு நகல் எடுத்து ‘சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்’ என்ற மறைந்த ஃபோல்டரில் போட்டு வைக்கும். வைரஸும் அந்த நகலோடு சேர்ந்து உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். ஆன்டிவைரஸ் ‘இங்கே வைரஸ் இருக்கிறது, ஆனால் அழிக்க முடியவில்லை’ என்று கத்திக்கொண்டே இருக்கும். அதனால் அப்போது எங்களுக்குச் சொல்லித் தந்ததே ‘முதல்ல சிஸ்டம் ரெஸ்டோரை ஆஃப் பண்ணு’ என்பதுதான். அந்தப் பழக்கம் இன்னும் பல கடைகளில் விடவில்லை, காரணம் மறந்துபோய் பழக்கம் மட்டும் மிச்சம்.

விஸ்டாவில் இருந்து (2007) அடிப்படையே மாறிவிட்டது. இப்போது நடப்பது ‘ஷேடோ காப்பி’. ரெஸ்டோர் பாயின்ட் (பின்னால் திரும்பி வருவதற்காகக் குறித்துவைக்கிற நிலை) உருவாக்கும் அந்த நேரத்தில் பெரிதாக எதுவும் நகல் எடுக்கப்படுவதில்லை. அதற்குப் பிறகு டிஸ்க்கின் ஏதாவது ஒரு பகுதியில் புதிதாக எழுதப் போகும்போது, அழிக்கப்படவிருக்கிற பழைய 16 கேபி துண்டை மட்டும் எடுத்துத் தனியே பத்திரப்படுத்திவிட்டு அப்புறம் எழுதும். பேரேட்டில் ஒரு வரியை அடித்துத் திருத்துவதற்கு முன்னால் பழைய வரியை ஒரு துண்டுச் சீட்டில் குறித்துவைக்கிற கணக்குப்பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். பேரேடும் துண்டுச் சீட்டுகளும் சேர்ந்தால் பழைய பக்கம் கிடைத்துவிடும். பேரேடே தீப்பிடித்தால் துண்டுச் சீட்டை மட்டும் வைத்து ஒன்றும் செய்ய முடியாது, அதுவும் அதே அலமாரியில்தான் இருந்தது. ரெஸ்டோர் பாயின்டை பேக்கப் என்று நினைக்கக் கூடாது என்று நாங்கள் தலையில் அடித்துக்கொள்வது இதனால்தான்.

துண்டுச் சீட்டு வைக்கிற பெட்டிக்கும் ஓர் அளவு உண்டு. அது நிரம்பினால் பழையதிலிருந்து தூக்கிப் போட்டுக்கொண்டே வரும், உங்களிடம் கேட்காது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் 2025 ஜூன் அப்டேட்டுக்குப் பிறகு ஒரு பாயின்ட் அதிகபட்சம் 60 நாள்தான் இருக்கும். இடம் போதவில்லை என்றால் அதற்கு முன்பே போய்விடும். விண்டோஸ் பெரிய பதிப்பு மாறும்போதும் பழைய பாயின்ட்கள் கழுவப்பட்டுவிடும். ‘டிஸ்க் கிளீனப்’ ஓட்டும்போது இடம் கிடைக்கட்டும் என்று கடைசிப் பாயின்டைத் தவிர மற்றதை அழிக்கிற பொத்தானை அமுக்கியவர்களும் உண்டு. 2009, 2010 வாக்கில் இன்னொரு கூத்து நடந்தது: ஒரே கணினியில் எக்ஸ்பியும் விண்டோஸ் 7உம் சேர்த்துப் போட்டவர்கள், எக்ஸ்பியில் ஒரு தடவை நுழைந்துவிட்டு வந்தால் போதும், விண்டோஸ் 7இன் ரெஸ்டோர் பாயின்ட் அத்தனையும் காணாமல் போயிருக்கும். எக்ஸ்பிக்கு அந்தப் புது வகை நகல் புரியாது, குப்பை என்று பெருக்கித் தள்ளிவிடும். காரணம் தெரியாமல் நான் ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

ஆக, நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது பத்து நாளைக்கு முந்தைய பாயின்ட் உங்களிடம் இருக்கிறதா என்பதையே. விண்டோஸ் 10இலிருந்து பல கணினிகளில் இந்தப் பாதுகாப்பு அணைத்து வைக்கப்பட்டே வருகிறது. ஸ்டார்ட் மெனுவில் ‘கிரியேட் எ ரெஸ்டோர் பாயின்ட்’ என்று தேடுங்கள், ஒரு சிறு பெட்டி வரும், அதில் சி டிரைவுக்கு எதிரே ‘ஆன்’ என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ‘சிஸ்டம் ரெஸ்டோர்’ பொத்தானை அமுக்கி, பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள், இப்போதைக்கு எதையும் தொடங்க வேண்டாம். டிரைவர் போடும்போதும் அப்டேட் இறங்கும்போதும் பெரும்பாலும் தானாக ஒரு பாயின்ட் விழும், அதனால் பாதுகாப்பு ஆனில் இருந்தால் உங்களுக்குத் தேவையான தேதி கிடைக்க நல்ல வாய்ப்பு. ‘ஆஃப்’ என்று இருந்தால் இந்தக் கதவு மூடிவிட்டது. இப்போது ஆன் செய்தால் இன்றைய நிலைக்குத்தான் பாயின்ட் விழும், அதாவது சத்தம் வராத நிலைக்கு. அப்படியானால் கீழே நான் சொல்லும் மற்ற வழிகளுக்குப் போங்கள்.

இப்போது அந்த எக்செல் கோப்பு. இதைத்தான் முதலில் தேட வேண்டும் என்றேன், ஏனென்றால் ரெஸ்டோர் ஓடினால் டிஸ்க்கில் ஏகப்பட்ட எழுத்துவேலை நடக்கும், அதில் பெட்டி நிரம்பிப் பழைய துண்டுச் சீட்டுகள் தள்ளப்படலாம். ரீசைக்கிள் பின்னைப் பார்த்திருப்பீர்கள், இருந்தாலும் இன்னொரு முறை பாருங்கள். அப்புறம் ஒன்டிரைவ். விண்டோஸ் 11இல் பலருக்கும் தெரியாமலேயே டெஸ்க்டாப் ஃபோல்டர் ஒன்டிரைவோடு சேர்ந்திருக்கும். உலாவியில் உங்கள் ஒன்டிரைவ் கணக்குக்குள் போனால் அங்கே தனியாக ஒரு ரீசைக்கிள் பின் இருக்கிறது, தனிநபர் கணக்கில் அழித்த கோப்பு அதில் 30 நாள் இருக்கும். அழித்து ஒரு வாரம்தான் ஆகிறது என்றால், ஒத்திசைவு ஆனில் இருந்திருந்தால், கோப்பு அங்கே உங்களுக்காகக் காத்திருக்கும். அங்கும் இல்லையென்றால் டெஸ்க்டாப் ஃபோல்டர் மேல் வலது சொடுக்கு, ‘பிராப்பர்ட்டீஸ்’, அதில் ‘பிரீவியஸ் வெர்ஷன்ஸ்’ தாவல். அழிப்பதற்கு முன்னால் விழுந்த ரெஸ்டோர் பாயின்ட் ஏதாவது இருந்தால் அந்தத் தேதியின் ஃபோல்டரைத் திறந்து பார்க்கலாம், கோப்பை அதிலிருந்து இழுத்து வெளியே போட்டுக்கொள்ளலாம். சிஸ்டம் ரெஸ்டோர் உங்கள் கோப்பைத் திருப்பித் தராது, ஆனால் அது பயன்படுத்துகிற அதே நகலுக்குள் உங்கள் கோப்பும் இருக்கும். முரண்பாடு மாதிரி தோன்றும், ஆனால் அப்படித்தான்: நகல் எடுப்பது முழு டிரைவுக்கும், திருப்பி வைப்பது சிஸ்டத்தை மட்டும்.

இந்த மூன்றும் கைவிட்டால், அழித்த கோப்பை மீட்கும் மென்பொருள் என்று இணையத்தில் நூறு கிடைக்கும். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் உடனே முயன்று பார்க்கச் சொல்வேன். உங்களுடையது எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத சிப் வகை டிஸ்க்) என்றால் பெரிய நம்பிக்கை வைக்காதீர்கள். கோப்பை அழித்ததும் ‘டிரிம்’ என்றொரு கட்டளை போய் ‘இந்த இடம் இனி வேண்டாம்’ என்று எஸ்எஸ்டியிடம் சொல்லிவிடும், அது தன் வசதிக்கு அந்த இடத்தைத் துடைத்துவிடும். காசு கட்டி மென்பொருள் வாங்கும் முன்னால் இதை நினைவில் வையுங்கள்.

பிறந்தநாள் படங்களுக்கு வருவோம். படம், வீடியோ, வேர்டு, எக்செல், பிடிஎஃப் எதையும் சிஸ்டம் ரெஸ்டோர் தொடாது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தொடுகிறவையும் இருக்கின்றன, அதை யாரும் சொல்வதில்லை. இந்தப் பத்து நாளில் நிறுவிய புரோகிராம்கள் போய்விடும். அதே சமயம் இந்தப் பத்து நாளில் நீங்கள் நீக்கிய புரோகிராம் அரைகுறையாகத் திரும்பி வரும். டவுன்லோடு செய்து டெஸ்க்டாப்பில் போட்டு வைத்த நிறுவல் கோப்புகளும் காணாமல் போகலாம், அவை புரோகிராம் வகை என்பதால். டிடிபி வேலை செய்பவராக இருந்தால் இன்னொன்று: சமீபத்தில் போட்ட பாமினி மாதிரி எழுத்துருக்கள், தமிழ் விசைப்பலகை மென்பொருள் இவையும் பட்டியலிலிருந்து மறையலாம், திரும்பப் போட வேண்டிவரும், அதனால் அவற்றின் மூலக்கோப்புகளை ஒரு பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாயின்டைத் தேர்ந்தெடுக்கும் திரையிலேயே ‘ஸ்கேன் ஃபார் அஃபெக்டட் புரோகிராம்ஸ்’ என்று ஒரு பொத்தான் உண்டு, அமுக்கினால் எது போகும், எது வரும் என்று அதுவே பட்டியல் போட்டுக் காட்டும். ஏனோ அதை யாரும் அமுக்குவதில்லை.

கணக்கு மென்பொருள் எதையாவது அந்த லேப்டாப்பில் ஓட்டுகிறீர்கள் என்றால் அதன் தரவு ஃபோல்டரைத் தனியே நகல் எடுக்காமல் எதையும் தொடங்காதீர்கள். ஒவ்வொரு மென்பொருளும் தரவை ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு வடிவில் வைக்கிறது, எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘ஒன்றும் ஆகாது’ என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. சொல்லப்போனால் படங்களையும் ஒரு வெளி டிஸ்க்கில் போட்டுவிட்டே தொடங்குங்கள். சிஸ்டம் ரெஸ்டோர் அவற்றைத் தொடாதுதான், ஆனால் பாதி வழியில் கரண்ட் போகும், டிஸ்க் படுக்கும், அதெல்லாம் சிஸ்டம் ரெஸ்டோரின் கையில் இல்லை. ஒரு தடவை ஒரு வாடிக்கையாளரின் ஹார்ட் டிஸ்க் ஏற்கனவே சாகக் கிடந்ததைக் கவனிக்காமல் ரெஸ்டோரை ஓட்டிவிட்டேன். நாற்பது நிமிடம் கடகடவென்று சத்தம் போட்டுவிட்டு அப்படியே நின்றது, அப்புறம் அது எழவே இல்லை. தப்பு என்னுடையதுதான். அன்றிலிருந்து முதலில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மாதிரி ஒரு இலவச மென்பொருளில் டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்த்துவிட்டுத்தான் மற்றது. அது ‘குட்’ என்று நீலத்தில் காட்டினால் மேலே போகலாம். ‘காஷன்’ என்று மஞ்சளில் காட்டினால் ரெஸ்டோர், ரீசெட், எதுவும் வேண்டாம், கோப்புகளை நகல் எடுப்பது ஒன்றுதான் வேலை.

இன்னொரு முன்னெச்சரிக்கை பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) சாவி. புது லேப்டாப்களில் டிஸ்க் பூட்டப்பட்டே வருகிறது, உரிமையாளருக்கே தெரியாது. விண்டோஸ் சரியாக ஏறாமல் பழுதுநீக்கும் திரைக்குப் போக நேர்ந்தால் அது 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கும், அது இல்லாமல் உள்ளே விடாது, எந்தக் கடைக்காரராலும் ஒன்றும் செய்ய முடியாது. லேப்டாப் நன்றாக ஏறிக்கொண்டிருக்கும் இப்போதே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் கைப்பேசி வழியாகப் போய், சாதனங்கள் பகுதியில் அந்தச் சாவி இருக்கிறதா என்று பார்த்துத் தாளில் எழுதி வையுங்கள். 2024 ஜூலை 19இல் கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு பழுதான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன அல்லவா, விமான நிலையங்களில் கையால் போர்டிங் பாஸ் எழுதித் தந்தார்களே, அன்றைக்கு வேண்டியிருந்த மருத்துவம் சேஃப் மோடில் (அத்தியாவசியமானவை மட்டும் ஓடுகிற நிலை) நுழைந்து ஒரே ஒரு கோப்பை அழிப்பது. பல அலுவலகங்களில் அதைச் செய்ய முடியாமல் நாள்கணக்கில் இழுத்ததற்கு ஒரு பெரிய காரணம், ஒவ்வொரு கணினிக்கும் இந்த 48 இலக்கத்தைத் தேட வேண்டியிருந்ததுதான்.

அந்தச் சம்பவத்தில் இன்னொன்றும் இருக்கிறது. கெட்டது ஒரு கோப்பு என்றால் ஒரு கோப்பை மாற்றினால் போதும், ஊரையே காலி செய்ய வேண்டியதில்லை. உங்கள் விஷயத்திலும் அப்படித்தான் தொடங்குவேன். சந்தேகப்படும் ஆட்கள் இரண்டே பேர், பிரிண்டர் டிரைவரும் விண்டோஸ் அப்டேட்டும். பிரிண்டர் மென்பொருளை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். சத்தம் வரவில்லையா, டிவைஸ் மேனேஜரில் (கணினியின் சாதனங்களைப் பட்டியலிடும் பெட்டி, ஸ்டார்ட் மெனுவில் தேடலாம்) சவுண்ட் சாதனத்தைத் திறந்து ‘டிரைவர்’ தாவலில் ‘ரோல் பேக் டிரைவர்’ என்ற பொத்தான் உயிரோடு இருக்கிறதா பாருங்கள். அப்டேட்டோடு புது சவுண்ட் டிரைவர் வந்து உட்கார்ந்திருந்தால் பொத்தான் அமுங்கும், பழைய டிரைவருக்குப் போய்விடலாம், வேலை இரண்டு நிமிடம். என் அனுபவத்தில் அப்டேட்டுக்குப் பிறகு சத்தம் போன லேப்டாப்களில் கணிசமானவை இங்கேயே சரியாகிவிடும். அதுவும் இல்லையென்றால் செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அப்டேட் ஹிஸ்டரி, அதற்குக் கீழே ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’. அன்றைய தேதியில் இறங்கியதை மட்டும் நீக்குங்கள். பாதுகாப்பு அப்டேட்டை நிரந்தரமாக நீக்கி வைப்பது நல்லதல்ல, யார் குற்றவாளி என்று கண்டுபிடிக்க மட்டும் இது.

இவை எதுவும் பலிக்கவில்லை என்றால் அப்போது சிஸ்டம் ரெஸ்டோர். சார்ஜரைச் செருகுங்கள் (டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள், நம் ஊர் கரண்ட் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை). ரன் பெட்டியில் (விண்டோஸ் விசையோடு R அமுக்கினால் வரும்) rstrui என்ற ஆறு ஆங்கில எழுத்தையும் சேர்த்துத் தட்டினால் நேராகத் திறக்கும். பட்டியலில் பிரிண்டர் போட்டதற்குச் சற்று முந்தைய தேதியை எடுங்கள். ‘இருக்கட்டுமே’ என்று ஒரு மாதம் பின்னுக்குப் போகாதீர்கள், எவ்வளவு பின்னால் போகிறீர்களோ அவ்வளவு புரோகிராம்கள் கலையும். எஸ்எஸ்டியில் பொதுவாக அரை மணிக்குள் முடியும், பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒரு மணி நேரத்தைத் தாண்டியதையும் பார்த்திருக்கிறேன். ‘ரெஜிஸ்ட்ரி மீட்கப்படுகிறது’ என்ற வரியில் அசையாமல் நிற்பது போலத் தெரியும், அந்த இடத்தில்தான் பொறுமை இழந்து பவர் பட்டனை அமுக்கி, இருந்ததையும் கெடுத்துக்கொள்கிறார்கள். மூன்று நான்கு மணி நேரம் ஆகியும் டிஸ்க் விளக்கில் உயிரே இல்லை என்றால் மட்டும் அணைக்கலாம்.

முடிந்து ஏறும்போது பழைய கடவுச்சொல்லைக் கேட்டால் திகைக்காதீர்கள், நடுவில் மாற்றியிருந்தால் அது நடக்கும். சில சமயம் நான்கு இலக்க PIN எண்ணும் வேலை செய்யாது, கணக்கின் முழுக் கடவுச்சொல் கையில் இருக்கட்டும். நிலைமை முன்பைவிட மோசமாகிவிட்டது என்றால் அதே பெட்டியில் ‘அன்டூ சிஸ்டம் ரெஸ்டோர்’ இருக்கும், திருப்பிக்கொள்ளலாம். சேஃப் மோடில் இருந்தோ பழுதுநீக்கும் திரையில் இருந்தோ ஓட்டியிருந்தால் மட்டும் அந்த வசதி கிடைக்காது. ‘ரெஸ்டோர் வெற்றிகரமாக முடியவில்லை, எதுவும் மாற்றப்படவில்லை’ என்று வந்தால் பெரும்பாலும் ஆன்டிவைரஸ் குறுக்கே நிற்கிறது. கடைசியில் 5 என்று முடியும் அனுமதி மறுப்புப் பிழைக்கு வழக்கமான காரணம் அதுதான். ஷிஃப்ட்டை அமுக்கிக்கொண்டு ரீஸ்டார்ட் சொடுக்கினால் வரும் நீலப் பட்டியலில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், சிஸ்டம் ரெஸ்டோர் என்று போனால் ஆன்டிவைரஸ் எழுவதற்கு முன்பே வேலை முடிந்துவிடும். அங்கேதான் அந்த 48 இலக்கம் கேட்கும், சொன்னேன் அல்லவா.

ரெஸ்டோர் பாயின்டே இல்லாதவர்களுக்கு: செட்டிங்ஸ், சிஸ்டம், ரிக்கவரி என்று போனால் ‘ஃபிக்ஸ் பிராப்ளம்ஸ் யூசிங் விண்டோஸ் அப்டேட்’ என்று புதிதாக ஒன்று வந்திருக்கிறது. அது விண்டோஸை இணையத்திலிருந்து இறக்கி, இருக்கிற விண்டோஸ் மேலேயே திரும்பப் போடும். கோப்பு, புரோகிராம், அமைப்புகள் எல்லாம் இருக்கும். கடந்த சில வருடங்களில் மைக்ரோசாஃப்ட் செய்த உருப்படியான காரியங்களில் ஒன்று என்பேன். அதற்கு அடுத்தது ‘ரீசெட் திஸ் பிசி’, அதில் ‘கீப் மை ஃபைல்ஸ்’ என்று எடுத்தாலும் கோப்புகள்தான் மிஞ்சும், நிறுவிய புரோகிராம் அனைத்தும் போய்விடும், இதைப் படிக்காமல் சொடுக்கியவர்கள் நிறையப் பேர். ‘கோ பேக்’ என்று ஒரு பொத்தான் உயிரோடு இருந்தால் அது முந்தைய விண்டோஸ் பதிப்புக்குப் போவது, பெரிய பதிப்பு மாறிய 10 நாளுக்குள் மட்டும்; 2015இல் 30 நாள் இருந்தது, அடுத்த வருடமே குறைத்துவிட்டார்கள். பழைய யூடியூப் வீடியோக்களில் எஃப்8 அமுக்கி ‘லாஸ்ட் நோன் குட்’ எடு, ரெக்பேக் ஃபோல்டரிலிருந்து ரெஜிஸ்ட்ரியை நகல் எடு என்றெல்லாம் வரும், நேரத்தை வீணாக்காதீர்கள். முதலாவது விண்டோஸ் 8லேயே போய்விட்டது. இரண்டாவதில் விண்டோஸ் 10இன் 1803 பதிப்பிலிருந்து தானாக எதுவும் சேமிப்பதில்லை, ஃபோல்டரைத் திறந்தால் எல்லாக் கோப்பும் பூஜ்யம் கேபி என்று சிரிக்கும்.

வைரஸ் வந்தால் இதை வைத்துத் தப்பிக்கலாமா என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். நம்பாதீர்கள். சாதாரண விளம்பரத் தொல்லை என்றால் சில சமயம் போகும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வகை முதலில் செய்வதே ஷேடோ காப்பிகளை அழிப்பதுதான், 2017 மே மாதம் பரவிய வானாக்ரை அதைத்தான் செய்தது. பிரௌசிங் சென்டர்களில் டீப் ஃப்ரீஸ் என்று ஒன்று போட்டிருப்பார்கள், ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் கணினி பழைய நிலைக்கே திரும்பும். அது வைரஸுக்கு நல்ல மருந்துதான், ஆனால் டெஸ்க்டாப்பில் சேமித்துவிட்டுச் சாப்பிடப் போன மாணவரின் புராஜெக்ட் ரிப்போர்ட்டும் அதோடு போய்விடும். வீட்டு லேப்டாப்புக்கு அது சரிவராது.

இனி என்னால் இங்கிருந்து சொல்ல முடியாத பகுதி. சத்தம் போனது டிரைவரால் என்று ஓரளவு துணிந்து சொல்வேன், அந்த இரண்டு ரீஸ்டார்ட்டைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். டிரைவர் மோதலாலும் வரும், ரேம் தளர்ந்தாலும் வரும், சூடு அதிகமானாலும் வரும், எஸ்எஸ்டி சாகத் தொடங்கினாலும் வரும். பின்னது மூன்றும் பொருளின் கோளாறு, எந்தத் தேதிக்குத் திருப்பினாலும் கூடவே வரும். ரெஸ்டோர் செய்து சத்தம் வந்த பிறகும் திரை மறுபடி விழுந்தால் அது இரண்டாவது நோய் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது திரையின் அடியில் ‘ஸ்டாப் கோட்’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும் (முன்பு நீலத்திரை, இப்போது புது விண்டோஸ் 11இல் கறுப்பாக்கிவிட்டார்கள்), கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். அந்த வரியும், டிஸ்க் மென்பொருள் காட்டிய நிறமும், ரோல் பேக் பொத்தான் அமுங்கியதா இல்லையா என்பதும் தெரிந்தால் மேலே சொல்கிறேன். கடைக்குத்தான் போகிறீர்கள் என்றாலும் இந்த மூன்றையும் சொல்லிவிட்டு, ஃபார்மட்டுக்கு முன்னால் டிஸ்க்கைப் பார்த்தீர்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.